செருகினால் பொருந்தும், பாடாது

தொண்ணூறுகளின் நடுவில் சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த அடுக்கு செட்டு அறந்தாங்கி வீட்டின் கூடத்தில் பத்து வருஷம் பாடியது. மேலே டியூனர், அதன்கீழ் சிடி, அப்புறம் டெக், எல்லாவற்றுக்கும் அடியில் கனமான ஆம்ப்ளிஃபையர். நான்கும் தனித்தனிப் பெட்டிகள். தேவையானால் ஒன்றைக் கழற்றி வேறொன்றை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும்படியான அமைப்பு. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பெட்டிக்குப் பெட்டி ஒரு தட்டையான ரிப்பன் வயர், பல்வரிசைபோல நெருங்கிய கம்பிகளோடு, அந்தக் கம்பெனிக்கு மட்டுமே உரிய செருகியில் முடிந்திருந்தது.

ஒரு மழைக்காலத்தில் டியூனர் செத்துப்போயிற்று. வானொலி போனால் போகட்டும், சிடியாவது பாடும் என்று நினைத்தோம். பாடவில்லை. புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பழுது பார்ப்பவர் ஆம்ப்ளிஃபையரைத் திறந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆம்ப்புக்கு ஒரு கேடும் இல்ல தம்பி. ஆனா அதை எந்திரின்னு சொல்ல ஆள் இல்ல.” எழுப்பும் கட்டளை டியூனருக்குள் இருந்த சிறு கணினிச் சில்லிலிருந்து ரிப்பன் வழியே வரவேண்டும். கட்டளையிடும் தலை போனதால், நல்ல உடம்பு படுத்த படுக்கையாகிவிட்டது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இப்படிப்பட்ட செட்டுகளுக்குக் குறைவில்லை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கடற்கரையிலிருந்து பொன்னமராவதி வரை, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போய்வந்தவர்களின் வீடுகளில் ‘ஃபாரின் செட்டு’ ஒரு தலைமுறையின் பெருமிதம். அந்தப் பெருமிதத்தின் முதுகில் இருந்த வயரைப் பற்றி எவரும் அதிகம் பேசியதில்லை. ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு ஒலி போகும் வழி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அந்த வயரில்தான் இருக்கிறது. நாற்பது வருஷமாக ஒலிக்கருவித் தொழில் அந்தக் கேள்விக்கு மாற்றி மாற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

செருகியின் உருவம் ஒன்றாக இருப்பதாலேயே எதுவும் தீர்ந்துவிடாது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பழைய ஜப்பானியக் கருவிகளின் பின்புறத்தில் இருக்கும் 3.5 மில்லிமீட்டர் துளை. ஹெட்போன் செருகுகிற அதே அளவுத் துளை. சோனி அதைக் ‘கண்ட்ரோல் ஏ1’ என்றது, பயனியர் ‘எஸ்ஆர்’ என்றது, ஆன்கியோ ‘ஆர்ஐ’ என்றது. மூன்றிலும் ஒரே வயரைச் செருகலாம். கைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் ஒன்றின் கட்டளை இன்னொன்றுக்குப் புரியாது. போதாததற்கு, அந்த வயரில் ஒலியே போவதில்லை. ‘விழித்துக்கொள்’, ‘இந்த உள்ளீட்டுக்கு மாறு’ போன்ற ஏவல்கள் மட்டும்தான். ஒலிக்குத் தனியே ஆர்சிஏ எனப்படும் சிவப்பு வெள்ளைப் பின்களைச் செருகியாக வேண்டும். இது தெரியாமல், “வயரெல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கேன், சத்தம் வரல” என்று கருவியைக் கடைக்கு எடுத்து வந்தவர்கள் உண்டு.

ஆனாலும் இந்த ஏவல் வயர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அதைப் பிடுங்கி எறிந்தாலும் கருவி பாடும். ஒரே ரிமோட்டில் எல்லாம் இயங்கும் சொகுசு மட்டும் போகும். ரிப்பன் வயர் அப்படியல்ல. அதில் ஒலியும் ஏவலும் சில செட்டுகளில் மின்சாரமுமே சேர்ந்து போயின. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கம்பெனி தனக்கென ஒரு வழி போட்டுக்கொண்டதா, அல்லது இருந்த பொதுவழியை அடைத்துவிட்டுத் தன் வழியைப் போட்டதா? நம்மைப் பாதிப்பது இரண்டாவதுதான்.

டிஜிட்டல் ஒலியில் பொதுவழி ஒன்று தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. 1982-ல் வெளிவந்த சிடியை உருவாக்கிய சோனியும் பிலிப்ஸும் தங்கள் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து எஸ்பிடிஐஎஃப் என்ற இணைப்பையும் தந்தன. 75 ஓம் மின்மறுப்பு கொண்ட ஒற்றைக் கோஆக்சியல் வயரில், அரை வோல்ட் அளவுத் துடிப்பில், இடம் வலம் இரண்டு ஒலிகளும் மாறி மாறிப் போகும். தோஷிபா 1983-ல் அதையே ஒளிக்கற்றையாக்கி, பிளாஸ்டிக் இழை வழியே அனுப்பும் தாஸ்லிங்க் முறையைக் கொண்டுவந்தது. கடைகளில் ‘ஆப்டிகல்’ என்று சொல்வது இதைத்தான். இரண்டு கம்பெனிகளின் பெயரைத் தாங்கிய இணைப்பு பின்னர் ஐஇசி 60958 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று. எந்தக் கம்பெனி பிளேயரையும் எந்தக் கம்பெனி ஆம்ப்ளிஃபையரிலும் மாட்டலாம் என்ற நிலை வந்தது. கம்பெனி வழி ஊர்வழியாக மாறிய அபூர்வமான கதை இது.

ஊர்வழியிலும் ஒரு சிக்கல் முளைத்தது. சிடியின் ஒலி சுருக்கம் ஏதுமில்லாத நேரடி எண்வரிசை. இதைப் பிசிஎம் என்பார்கள். டிவிடி வந்ததும், டால்பி, டிடிஎஸ் என்று சுருக்கிக் கட்டிய ஆறு தடத்து ஒலியையும் அதே ஆப்டிகல் வயரில் அனுப்பத் தொடங்கினார்கள். பின் அதே, வெளிச்சம் அதே, உள்ளே போகும் பேச்சு வேறு.

இதன் விளைவை இன்று புதுக்கோட்டையில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் பார்க்கலாம். புதிய ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில் சிவப்பு வெள்ளை ஒலி வெளியீடு இல்லை. பழைய ஹோம் தியேட்டரில் இருப்பதோ அது மட்டும்தான். நடுவில் வைக்க, ஆப்டிகலைச் சிவப்பு வெள்ளையாக மாற்றும் உள்ளங்கையளவு கன்வெர்ட்டர் பெட்டி ஒன்றைக் கடைக்காரர் தருகிறார். வீட்டுக்குப் போய் மாட்டினால் சில சானல்களில் பாட்டு கேட்கிறது, சில படங்களில் மௌனம், சிலவற்றில் கொதிக்கும் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் இரைச்சல். பெட்டி பழுது என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். பெட்டியில் பழுதில்லை. அதற்கு இரண்டு தடப் பிசிஎம் மட்டும்தான் தெரியும். டிவி டால்பியில் பேசுகிறது. டிவியின் ஒலி அமைப்புக்குள் போய் டிஜிட்டல் வெளியீட்டை ‘பிசிஎம்’ என்று மாற்றிவிட்டால் பாடத் தொடங்கிவிடும். அந்த ஒரு சொல் தெரியாததால் எத்தனை பெட்டிகள் குப்பைக்குப் போயிருக்குமோ.

அனுப்புவதும் பெறுவதும் ஒரே மொழி அறிந்திருக்க வேண்டும் என்பதை இந்த மாவட்டம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகப் பாறையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. குடுமியான்மலை சிகாநாதசுவாமி கோயிலில், மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறைச்சுவரில் இருக்கிறது இந்தியாவின் மிகப் பழைய இசைக் கல்வெட்டுகளில் ஒன்று. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பண்களுக்குரிய ஏழு பகுதிகளாக, சுரக் கூட்டங்கள் வரிவரியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சுரம் ஒரே உயிரெழுத்தோடு வருவதில்லை. ர, ரி, ரு, ரெ என்று நான்கு வடிவம் எடுக்கிறது. சில எழுத்துகளின் மேல் புள்ளிகள் வேறு. மாணவர்களின் நன்மைக்காக இது செய்யப்பட்டது என்று முடிவுரை சொல்கிறது. ருத்ராச்சாரியரின் சீடனான அரசன் என்று மட்டும் சொல்லிப் பெயரைச் சொல்லாமல் விட்டதால், அவன் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனா இல்லையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

பண்டார்கர் என்ற ஆய்வாளர் இதை எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு இதழின் 12-ஆம் தொகுதியில் பதிப்பித்து நூறாண்டுக்கு மேலாகிறது. அந்த நான்கு உயிரெழுத்துகள் சுருதி வேறுபாட்டைக் குறிக்கின்றனவா, யாழ் நரம்பை மீட்டும் விரல் முறையைக் குறிக்கின்றனவா என்பதில் அறிஞர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. எழுத்தை வாசிக்க முடிகிறது, பாட முடியவில்லை. செருகி பொருந்திவிட்டது, மொழிபெயர்ப்பான் மட்டும் ஏழாம் நூற்றாண்டோ எட்டாம் நூற்றாண்டோ, அந்த மாணவர்களோடு போய்விட்டது.

ஒப்புமையை இதற்குமேல் இழுக்கக்கூடாது. குடுமியான்மலையில் செதுக்கியவர் ஊருக்குக் கற்பிக்கத்தான் செதுக்கினார்; சாவி காலத்தால் தொலைந்தது. ஒலிக்கருவிக் கம்பெனிகளின் கதையில் சாவி வேண்டுமென்றே ஒளிக்கப்பட்டது. ஏன் ஒளித்தார்கள் என்பதற்குத் தக்க காரணமும் இருந்தது.

1999-ல் சோனியும் பிலிப்ஸும் எஸ்ஏசிடி என்ற புதிய தட்டைக் கொண்டுவந்தன. அடுத்த ஆண்டு போட்டியாக டிவிடி ஆடியோ. சிடியைவிடப் பல மடங்கு நுணுக்கமான ஒலி, அதுவும் ஆறு தடங்களில். எஸ்பிடிஐஎஃப் வயரில் சிடிக்காக நொடிக்கு ஏறத்தாழ 28 லட்சம் பிட் ஓடுகிறது. எஸ்ஏசிடியின் ஒரே ஒரு தடத்துக்கே அந்த அளவு வேண்டும். ஆறு தடத்துக்கு 1 கோடியே 69 லட்சம். குறுகிய சந்தில் தேரை இழுக்க முடியாது. அதைவிடப் பெரிய தடை இசை நிறுவனங்களின் அச்சம். சிடியைப் பூட்டில்லாமல் விற்றுவிட்டு, கணினியில் அது அச்சு அசலாகப் படியெடுக்கப்படுவதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். புதிய தட்டுகளின் முழுத்தர ஒலி, பூட்டில்லாத டிஜிட்டல் வயரில் வெளியேறக் கூடாது என்றார்கள்.

ஆகவே, டிஜிட்டலின் உச்சம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட கருவியிலிருந்து ஒலியை வெளியே எடுக்க, பழைய அனலாக் ஆர்சிஏ வயர்கள் ஆறு வேண்டியிருந்தன. அப்படி எடுத்தால், ஸ்பீக்கர்களின் தூரத்தைக் கணக்கிட்டுத் தாமதம் கூட்டுவது, அடித்தொனியை ஊஃபருக்குத் திருப்புவது போன்ற ரிசீவரின் டிஜிட்டல் திறமைகள் பெரும்பாலும் பயன்படாமல் போயின. லட்ச ரூபாய்க் கருவி வைத்திருந்தவர்களுக்கு இது எரிச்சல். அந்த எரிச்சலிலிருந்துதான் புதிய கம்பெனி வயர்கள் பிறந்தன.

இங்கிலாந்தின் மெரிடியன், டிவிடி ஆடியோவில் பயன்பட்ட இழப்பில்லாச் சுருக்கத்தையே உருவாக்கிய நிறுவனம். அது தன் பிளேயருக்கும் தன் செயலிக்கும் இடையே ஒலியைப் பூட்டி அனுப்பும் ஸ்மார்ட்லிங்க் முறையை வைத்துக்கொண்டது. வெளியே தெரிந்தது வழக்கமான கோஆக்சியல் பின்தான். ஜப்பானின் டெனான், கணினி வலைப்பின்னலுக்கு உள்ள ஆர்ஜே-45 செருகியை எடுத்துக்கொண்டு ‘டெனான் லிங்க்’ என்று பெயரிட்டது. பார்வைக்கு லேன் வயர்; ஆனால் அதில் ஓடியது ஈதர்நெட் அல்ல. ரௌட்டரில் செருகினால் ஒன்றும் நடக்காது. அதற்குள்ளேயே முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று படிகள். எஸ்ஏசிடியின் ஒலி மூன்றாம் பதிப்பில்தான் கடந்தது. ஆக, ஒரே கம்பெனியின் பிளேயரும் ரிசீவரும், ஒரே பெயர் கொண்ட துளையும் இருந்தும், ஒரு முனையில் பழைய பதிப்பு என்றால் புதிய தட்டு அந்த வயரில் வராது. கம்பெனிக்குள்ளேயே சம்பந்தம் பேசப் பொருத்தம் பார்க்கவேண்டிய நிலை.

இந்த வயரை வைத்து உலகம் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தது. 2008-ல் டெனான் ஏகே-டிஎல்1 என்ற பெயரில் ஒன்றரை மீட்டர் வயரை 499 டாலருக்கு விற்பனைக்கு வைத்தது. அன்றைய மதிப்பில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். ஒலி எந்தத் திசையில் போகவேண்டும் என்று காட்ட அதில் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். பிட்டுகள் சாலை விதிகளை மதித்துப் போகும்போலும்.

வேறு சிலர் வேறு வழி போனார்கள். ஆப்பிள் ஃபயர்வயர் என்றும் சோனி ஐ-லிங்க் என்றும் அழைத்த ஐஇஇஇ 1394 இணைப்பு தாராளமான அகலம் கொண்டது. ஹிட்டாச்சி, இன்டெல், மட்சுஷிடா, சோனி, தோஷிபா ஐந்தும் சேர்ந்து செய்த டிடிசிபி பூட்டையும் அதில் மாட்டலாம். 2002-ல் பயனியரும் 2003-ல் சோனியும் இந்த இணைப்போடு உயர்விலைக் கருவிகளை வெளியிட்டன. காகிதத்தில் இது பொதுத் தரம். நடைமுறையில், தரத்தின் எந்தப் பகுதியை யார் செயல்படுத்தினார் என்பது கருவிக்குக் கருவி மாறியது. வாங்குபவர் கையேட்டின் கடைசிப் பக்க அட்டவணைகளைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. பொதுத் தரம் என்ற முத்திரை இருந்தாலே ஒத்துப்போகும் என்று நம்புவது, ஒரே சாதி என்பதாலேயே மாமியாரும் மருமகளும் ஒத்துப்போவார்கள் என்று நம்புவதற்குச் சமம்.

கம்பெனி வயர்களைப் பூட்டுக்காகவும் பணத்துக்காகவும் மட்டுமே செய்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. அவற்றுள் ஒரு நல்ல பொறியியல் சிந்தனையும் இருந்தது. அது தாளம் பற்றியது. புதுக்கோட்டைக்காரர்களுக்கு அதை விளக்குவது சுலபம். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையும் அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் வளர்த்த லய மரபு இந்த ஊருடையது. கச்சேரியில் காலப்பிரமாணத்தை யார் பிடித்திருக்கிறார் என்பது அந்த மரபில் சில்லறை விஷயமல்ல.

சிடியின் டிஜிட்டல் ஒலியில் நொடிக்கு 44,100 தடவை ஒரு எண் ஒலியாக மாறவேண்டும், அதுவும் சம இடைவெளியில். எஸ்பிடிஐஎஃப் முறையில் அந்தத் தாளத்தை வைத்திருப்பது பிளேயர். தாளமும் பாட்டும் ஒரே வயரில் பின்னிப்பிணைந்து வருகின்றன. ஆம்ப்ளிஃபையர் அதிலிருந்து தாளத்தைப் பிரித்தெடுத்து அதற்கு ஏற்ப நடக்கவேண்டும். தூரத்து மேடையில் போடும் தாளத்தைக் கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டுப் பின்பற்றுவதுபோல, நுண்ணிய தடுமாற்றம் புகுந்துவிடும். ஆங்கிலத்தில் இதை ஜிட்டர் என்கிறார்கள். சோனி தன் எச்ஏடிஎஸ் முறையில் இந்த உறவைத் தலைகீழாக்கியது: தாளத்தை ஆம்ப்ளிஃபையர் வைத்துக்கொள்ளும், எண்கள் ஒரு கிடங்கில் நிரம்பும், கிடங்கு குறைந்தால் ‘வேகமாக அனுப்பு’, நிறைந்தால் ‘மெதுவாக’ என்று பிளேயருக்கு ஏவல் போகும். பயனியரின் பிக்யூஎல்எஸ் இதே நோக்கம் கொண்டது. டெனான் லிங்கின் கடைசி வடிவத்தில் ஒலி முழுவதும் வேறு வயரில் போக, டெனான் வயர் தாளத்தை மட்டும் சுமந்தது.

காதுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு தெரியும் என்பதில் ஆர்வலர்கள் ஓயாமல் சண்டையிடுவார்கள். நல்ல பெறும் சில்லு உள்ள கருவியில் பெரிதாகத் தெரியாது என்பது என் எண்ணம். ஆனால் கருத்து சரியானது: தாளம், ஒலி பிறக்கும் இடத்துக்கு அருகில் இருக்கவேண்டும். கருவி செய்த கம்பெனி ஒன்றே என்றால்தான் இரு முனைகளும் இப்படிக் கைகோக்க முடிந்தது. பொதுத் தரங்கள் மெதுவாக நடப்பவை. முன்னால் ஓடிப் பார்ப்பதற்குத் தனிவழி தேவைப்பட்டது.

இந்த வழிகளையெல்லாம் விழுங்கியது எச்டிஎம்ஐ. 2002 டிசம்பரில் முதல் வடிவம். 2004-ல் டிவிடி ஆடியோவும், 2005-ல் எஸ்ஏசிடியும், 2006-ல் இழப்பில்லா டால்பி, டிடிஎஸ் வடிவங்களும் அதில் போக வழி செய்தார்கள். எச்டிசிபி என்ற இன்டெல்லின் பூட்டு அதிலேயே இருந்ததால் இசை நிறுவனங்களும் மறுப்புச் சொல்லவில்லை. நான்கே ஆண்டுகளில், லட்ச ரூபாய்க் கருவியின் சிறப்பு உரிமையாக இருந்தது நடுத்தர விலை ரிசீவருக்கு வந்துசேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், எச்டிஎம்ஐ செருகியையே வேறு வேலைக்கு எடுத்துக்கொண்ட உயர்விலை ஆடியோக்காரர்களும் உண்டு. பிலிப்ஸ் 1986-ல் சில்லுகளுக்கிடையே பேச வகுத்த ஐ2எஸ் முறையை இந்தச் செருகி வழியே பெட்டிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். எந்தக் கம்பியில் எது போகும் என்பதற்கு ஏற்கப்பட்ட தரமில்லை. அதனால், எண்களை ஒலியாக்கும் ‘டாக்’ கருவிகள் சிலவற்றில் கம்பிகளை மாற்றி அமைக்கும் விசைகளையே வைத்து விற்கிறார்கள். பாடும்வரை மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டியதுதான்.

எச்டிஎம்ஐ பொதுவழிதான், ஆனால் சுங்கச்சாவடி உள்ள பொதுவழி. அதைச் சட்டப்படி கருவியில் பொருத்த ஆயிரக்கணக்கான டாலர் ஆண்டுக் கட்டணம், கருவிக்கு இவ்வளவு என்று உரிமத்தொகை, பூட்டுக்குத் தனியே சாவி. பெரிய கம்பெனிக்கு இது தூசு. நம் ஊர் அசெம்பிள் ஆம்ப்ளிஃபையர்காரருக்கு?

தமிழ்நாட்டின் வீட்டு ஒலி வரலாற்றைப் பெரிய கம்பெனிகளின் பெயர்களால் மட்டும் எழுத முடியாது. 4440 ஐசி போர்டு, டிரான்ஸ்பார்மர், தகரப்பெட்டி, வேறிடத்தில் செய்வித்த ஸ்பீக்கர் பாக்ஸ் என்று தனித்தனியாகச் சேர்த்துக் கோத்துத் தரும் கைகள் ஊர்தோறும் உண்டு. சென்னை ரிச்சி தெருவிலிருந்து போர்டு வாங்கிவந்து திருமயத்திலோ கறம்பக்குடியிலோ கோத்த ஆம்ப்ளிஃபையரில் வளர்ந்த காதுகள்தான் இங்கே அதிகம். அந்தத் தொழில் முழுக்க ஒரே ஒரு நம்பிக்கையின்மேல் நின்றது: எந்தக் கருவி வந்தாலும் அதில் சிவப்பு வெள்ளைப் பின் இருக்கும்; அதில் ஒரு வோல்ட் சொச்சம் ஒலி வரும். அதற்குப் பூட்டில்லை, உரிமமில்லை, பதிப்பில்லை. டேப் வந்தது, சிடி வந்தது, டிவிடி வந்தது, பின் மாறவில்லை. எஃப்எம்-யூஎஸ்பி-ப்ளூடூத் பேனல் வந்ததும் அதையும் சில நூறு ரூபாய்க்கு வாங்கி முகப்பில் வெட்டிப் பொருத்திக்கொண்டார்கள்.

ஸ்மார்ட் டிவிதான் இந்த நம்பிக்கையைக் குலைத்தது. சிவப்பு வெள்ளை போய், ‘எச்டிஎம்ஐ ஏஆர்சி’ என்று எழுதிய துளை வந்தது. ஏஆர்சி என்பது 2009-ல் எச்டிஎம்ஐ-யில் சேர்ந்த திரும்பு வழி. டிவியின் ஒலி அதே வயரில் ஆம்ப்ளிஃபையருக்குத் திரும்பி வரும். அதன் உள்ளே பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. பத்தொன்பது கம்பிகள் கொண்ட செருகியின் பதினான்காம் கம்பியில் போவது நம் பழைய எஸ்பிடிஐஎஃப் வடிவமேதான். அகலமும் அதே அளவு. மொழி தெரிந்ததுதான், அப்புறம் ஏன் அசெம்பிள் ஆம்ப்ளிஃபையரில் வரமாட்டேன் என்கிறது? பதின்மூன்றாம் கம்பியில் சிஇசி என்ற ஏவல் பேச்சு நடக்கவேண்டும். எதிரில் இருப்பது ஒலிக்கருவிதான், அது ஏஆர்சி அறியும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே டிவி வழியைத் திறக்கும். இந்தச் சிஇசி-யும் பொதுத் தரம்தான். ஆனால் சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, பானசோனிக் வியேரா லிங்க் என்கிறது. டிவியின் அமைப்புப் பட்டியலில் சிஇசி என்ற சொல்லைத் தேடுபவருக்கு அது கிடைப்பதேயில்லை. ஊர்ப் பொதுக் கிணற்றுக்கு ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தாத்தா பெயரை வைத்ததுபோல.

அசெம்பிள்காரர்கள் இதையும் கடந்துவிட்டார்கள். சிஇசி பேசத் தெரிந்த சிறிய ஏஆர்சி பிரிப்பான் போர்டுகள் சந்தையில் வந்தன; அதை வாங்கி உள்ளே பொருத்திவிடுகிறார்கள். எந்த டிவிக்கு எந்தப் போர்டு ஒத்துவரும் என்ற அறிவு, எந்தக் கையேட்டிலும் இல்லாமல் கடைக்குக் கடை வாய்வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

பூட்டு என்றால் என்ன என்பதை இந்த மாவட்டத்து வீடுகளுக்குக் கற்பித்தது ஆடியோ கருவி அல்ல, கேபிள் பெட்டி. 2017-ல் அரசு கேபிள் நிறுவனம் செட்டாப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியபோது, ஆபரேட்டரை மாற்றினால் பெட்டியையும் மாற்றவேண்டும் என்பதை எல்லோரும் கண்டுகொண்டார்கள். சுவரிலிருந்து வரும் வயர் ஒன்றே, திருகும் முனையும் ஒன்றே. உள்ளே இருக்கும் பூட்டு மட்டும் ஆளுக்கு ஒன்று. எந்தப் பெட்டியும் எந்தச் சேவைக்கும் பயன்பட வேண்டும் என்று 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. பரிந்துரை தாளில் இருக்க, பழைய பெட்டிகள் பரணில் இருக்கின்றன.

வயர்களின் காலம் முடிந்தது என்று சொல்லிக்கொண்டு வந்த கருவிகளில் ரிப்பன் வயரின் ஆவி திரும்ப வந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சவுண்ட்பாருடன் வரும் வயரில்லா ஊஃபரைப் பாருங்கள். அதற்கு ஒரு மின்வயர் மட்டும்தான். பின்னால் எந்தத் துளையும் இல்லை. தன்னோடு பிறந்த சவுண்ட்பாரின் ரேடியோ பேச்சை மட்டும் அது கேட்கும். பார் செத்தால், நல்ல ஸ்பீக்கரும் நல்ல ஆம்ப்ளிஃபையரும் உள்ள அந்தக் கனத்த பெட்டி, பூந்தொட்டி வைக்கும் முக்காலி. சாம்சங் 2020-ல் கொண்டுவந்த க்யூ சிம்பொனி, டிவியின் ஸ்பீக்கரையும் சவுண்ட்பாரையும் சேர்ந்து பாடவைக்கிறது. இரண்டும் சாம்சங்காக இருந்தால் மட்டும். ஆனால் இதை நான் ஊஃபரோடு ஒன்றாக வைக்க மாட்டேன். க்யூ சிம்பொனி இல்லாத டிவியிலும் அந்தப் பார் எச்டிஎம்ஐ-யில் பாடும். வழக்கமான வாசல் திறந்திருக்கிறது. கூடுதலாக ஒரு சொந்த வாசல். டெனான் லிங்க் இருந்த கருவிகளும் அப்படித்தான். பக்கத்திலேயே ஆப்டிகலும் கோஆக்சியலும் அனலாக்கும் இருந்தன. டெனான் வயர் வழக்கொழிந்த பிறகும் அந்த ரிசீவர்கள் பாடிக்கொண்டிருக்கின்றன.

ப்ளூடூத் இதைச் சரியாகச் செய்தது என்பேன். குவால்காமுக்கு ஏப்டிஎக்ஸ், சோனிக்கு எல்டேக் என்று ஆளுக்கொரு ஒலிச் சுருக்கம் இருக்கிறது. இரு முனையும் அதை அறிந்தால் அதில் பேசும்; இல்லையென்றால் எஸ்பிசி என்ற எளிய சுருக்கத்துக்கு இறங்கிவிடும். வழக்கமான ப்ளூடூத் ஒலிக்கருவி எதுவானாலும் எஸ்பிசி தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. எஸ்பிசி சுமாரானதுதான், ரசிகர்கள் அதைக் கேலி செய்வார்கள். ஆனால் ஆலங்குடிச் சந்தையில் வாங்கிய ஸ்பீக்கரும் அமெரிக்காவில் வாங்கிய செல்பேசியும் முதல் சந்திப்பிலேயே பேசிக்கொள்வது அந்தச் சுமாரான மொழியால்தான்.

இந்தியாவில் 2022 ஜூலையில் பழுதுபார்ப்பு உரிமைக்கான குழுவை நுகர்வோர் விவகாரத் துறை அமைத்தது. டிசம்பரில் அதற்கென இணையதளமும் வந்தது. விவசாயக் கருவி, செல்பேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நான்கு துறைகள். உதிரி பாகமும் கையேடும் கிடைக்கவேண்டும் என்பது அங்கே பேசப்படும் பேச்சு. நல்லதுதான். ஆனால் வயரில்லா ஊஃபருக்கு எந்த உதிரி பாகமும் தேவையில்லை. அது பழுதாகவே இல்லை. அதற்கு வேண்டியது பின்புறத்தில் ஒரு துளை. பழுதைப் பற்றிய உரிமை பழுதில்லாமல் செத்தவற்றை எந்தக் கணக்கில் எழுதும்?

மாமாவின் ஆம்ப்ளிஃபையரைப் பழுது பார்ப்பவர் இரண்டு நாள் வைத்திருந்தார். ரிப்பன் செருகி வந்து சேரும் போர்டில் எந்தக் கம்பியில் ஐந்து வோல்ட் கொடுத்தால் ரிலே ‘டக்’ என்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். அதற்கு ஒரு சுவிட்ச். இடம் வலம் ஒலி நுழையும் புள்ளிகளைக் கண்டு, இரண்டு ஆர்சிஏ சாக்கெட்டுகளைப் பின்தகட்டில் துளைபோட்டு முடுக்கினார். ஒரு சாக்கெட் சற்றுச் சாய்வாக இருக்கும். அதில் டிவிடி பிளேயர் மாட்டியிருந்தோம், பிறகு டிவி, இப்போது ப்ளூடூத் பேனல். ரிப்பன் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு டியூனரோடு பரணில் வைத்தது மாமாதான். எடுத்துப் போட்டுவிடலாமா என்று கேட்டால், “அது சிங்கப்பூர் வயருடா” என்கிறார்.